தீர்ந்தபோதெல்லாம் எண்ணெய் வார்த்தது யார்?
நெடுநல்வாடையும் மழைக்கால வீடும்

ஐப்பசி பிறந்தால் பெண்கள் பத்திரிகைகளில் ஒரு பக்கம் தவறாமல் வந்துவிடும். மழைக்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள எளிய வழிகள். சுக்குமல்லிக் காபி போடுங்கள். மாலையில் சாம்பிராணி புகை காட்டுங்கள். ஈரத்துணியை ஒரே அறையில் குவிக்காதீர்கள். அரிசியில் வண்டு வராமலிருக்க வேப்பிலை போடுங்கள். குழந்தைகள் பள்ளி விட்டு நனைந்து வந்ததும் தலையைத் துவட்டி, சூடாக எதையாவது கொடுங்கள். படுக்கை விரிப்பைக் கனமானதாக மாற்றுங்கள்.

இந்தக் குறிப்புகளில் தவறு எதுவும் இல்லை. பெரும்பாலானவை பயனுள்ளவை. கவனிக்க வேண்டியது வினைச்சொற்களை. போடுங்கள், காட்டுங்கள், துவட்டுங்கள், மாற்றுங்கள் என்று எல்லாமே ஏவல். ஏவப்படுபவர் யாரென்று எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதத் தேவையும் இல்லை. பக்கம் எந்தப் பத்திரிகையில் இருக்கிறது என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. கதகதப்பை அனுபவிக்கப் போகிறவர்கள் வீட்டார் அனைவரும். அதை உண்டாக்க வேண்டியவர் ஒருவர். 'எளிய' என்ற சொல் அந்த ஒருவரின் உழைப்பை வேலைக் கணக்கில் சேராமல் பார்த்துக்கொள்கிறது.

மேலை நாடுகளில் இதே பக்கம் இலையுதிர்காலத்தில் வரும். மெழுகுவத்தி, கம்பளிக் காலுறை, சூடான பானம், கணப்பு. டென்மார்க்காரர்களின் 'ஹுகெ' என்ற சொல்லை வைத்து மெய்க் விக்கிங் எழுதிய சிறு நூல் 2016-ல் வந்த பிறகு, வீட்டுச் சுகம் ஒரு பெரிய வியாபாரமாகவே ஆனது. நம்மூரில் அந்தப் பருவத்தை 'இலையுதிர்காலம்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். ஆனால் மதுரைச் சமவெளியில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியில் வேம்பும் புங்கையும் கழுவி வைத்ததுபோலப் பச்சையாக நிற்கும். நமக்கு அந்த இடத்தில் உள்ள பருவம் கூதிர்: ஐப்பசியும் கார்த்திகையும், வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வரும் இரண்டு மாதங்கள்.

கூதிர்காலத்தில் வீட்டை எப்படிக் கதகதப்பாக்குவது என்பதற்கு மதுரையிடம் மிகப் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைக் காதல் பாட்டு என்றோ போர்ப் பாட்டு என்றோ படித்துப் பழகிவிட்டதால், அது வீட்டு வேலைப் பட்டியலாகவும் இருப்பது நம் கண்ணில் படுவதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடைதான் அது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது, 188 அடிகள். 1889-ல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்ததிலிருந்து கல்லூரிகளில் பாடமாகவும் இருந்து வருகிறது.

பட்டியல்

பாட்டு மழையில் தொடங்குகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி, கோவலர்கள் மாடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். கையில் கொள்ளிக்கட்டை, தாடை நடுங்கும் குளிர். மாடுகள் மேய மறக்கின்றன, குரங்குகள் ஒடுங்கிக் கிடக்கின்றன. பிறகு பாட்டு ஊருக்குள் வருகிறது. ஊரின் பெயரை நக்கீரர் சொல்வதில்லை. பின்னால் வரும் அரசனின் வேலில் பாண்டியரின் வேப்பந்தழை கட்டியிருப்பதால் அது மதுரை என்று கொள்வது மரபு.

ஆறுபோல அகன்ற தெருக்களில் உடல்வலிமை மிக்க ஆண்கள் கள் குடித்துவிட்டு, தூறலைப் பொருட்படுத்தாமல், பொழுது போனதும் தெரியாமல், விரும்பிய பக்கமெல்லாம் திரிகிறார்கள். அதே மாலையில் வீடுகளுக்குள் இளம்பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். மேகம் மூடிய வானத்தில் அந்தி எப்போது வந்தது என்று தெரியாது. கூடையில் இட்டு வைத்த பிச்சி அரும்பு இதழ் விரிந்து மணப்பதை வைத்துப் பொழுதை அறிகிறார்கள். இரும்பு விளக்கில் எண்ணெய் ஊறிய திரியைக் கொளுத்தி, நெல்லும் பூவும் தூவிக் கைகூப்புகிறார்கள்.

அடுத்து வருவதை ஒரு குறிப்புப் பக்கமாகவே வரிசைப்படுத்தலாம். கோடையில் சந்தனம் அரைத்த வட்டக்கல் சும்மா கிடக்கிறது; இப்போது வேறு நறுமணக் கூட்டு அரைபடுகிறது. கூந்தலில் மாலை சூட்டுவதில்லை, சில பூக்கள் மட்டும். கூந்தலின் ஈரம் போக நெருப்பமைத்து அகில் புகை. விசிறி சுருக்கி முளையில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. மாடியில் தென்றலுக்காகத் திறந்திருந்த சாளரங்கள் மூடப்பட்டுக் கதவு தாழிடப்பட்டிருக்கிறது. வாய் குறுகிய குடுவையின் குளிர்நீரை யாரும் நாடுவதில்லை. வாயகன்ற தடவில், அதாவது கணப்புச் சட்டியில், இட்ட நெருப்பின் சூட்டை எல்லாரும் நாடுகிறார்கள்.

இன்றைய குறிப்புப் பக்கத்தோடு ஒப்பிட்டால் மாறியிருப்பது கொஞ்சந்தான். அகிலுக்குப் பதில் சாம்பிராணி. விசிறிக்குப் பதில் மின்விசிறியை நிறுத்தி வைப்பது. தடவின் இடத்தில் காபி டம்ளர்.

செய்தவர் பெயர், செய்பவர் பெயர்

ஒரு கவிதையை நாம் பல வகையில் விசாரிக்கலாம். மிக எளிய விசாரணை இலக்கண ஆசிரியருடையது: எழுவாய் எங்கே?

நெடுநல்வாடையில் பொருள்களைச் செய்தவர்களுக்கு எழுவாய் இருக்கிறது. விசிறியை அழகுபடச் செய்தவன் கைத்திறன் வாய்ந்த கம்மியன். அரண்மனை கட்ட, நண்பகலில் நிழல் பார்த்துத் திசை குறித்துக் கயிறிட்டவர்கள் நூலறிந்தவர்கள். கட்டிலின் தந்தத்தைக் கூரிய உளியால் குடைந்தவன் வல்லவனான தச்சன். அரண்மனை விளக்கைச் செய்தவர்கள் யவனர்கள். நக்கீரர் கைவினையை மதிக்கிறார். செய்தவனின் திறமையை ஓர் அடைமொழியாவது கொடுத்துச் சொல்கிறார்.

அந்த யவன விளக்கைச் சற்று நேரம் பார்ப்போம். அது ஒரு பாவை விளக்கு. உலோகத்தில் வார்த்த பெண் ஒருத்தி கையில் அகலை ஏந்தி நிற்கிறாள். அகல் நிறைய நெய் வார்த்திருக்கிறது. பருத்த திரி, நிமிர்ந்து எரியும் சுடர். நெய் தீரும்போதெல்லாம் மீண்டும் வார்த்து, திரியைத் தூண்டி, சுடர் குன்றாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. யாரால்? அங்கே எழுவாய் இல்லை.

அந்தப்புரத்தில் அரசனைத் தவிர வேறு ஆண்கள் நுழைவதில்லை என்று கவிதையே சொல்லிவிடுகிறது. அப்படியானால் கூதிரின் நீண்ட இரவு முழுவதும் தூங்காமல் விளக்கைக் கவனித்தவள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். விளக்கை ஒருமுறை செய்தவரைக் கவிதை நினைவில் வைத்திருக்கிறது. அதை இரவெல்லாம் எரிய வைத்தவளை வினையெச்சத்துக்குள் கரைத்துவிடுகிறது. உலோகப் பெண்ணுக்கு வருணனை கிடைக்கிறது. உயிருள்ள பெண்ணுக்கு அதுவும் இல்லை.

நறுமணக் கூட்டு அரைக்கும் ஏவலர்கள் ஒரு தொடரில் வந்து போகிறார்கள். சிறிய வேலை செய்பவர்கள் என்பதே அவர்களுக்கான அடையாளம். தடவில் நெருப்பிட்டவர்கள் தொடரிலும் இல்லை. சாளரத்தை மூடியவர்கள் இல்லை. வெள்ளத்தில் மாட்டை ஓட்டிப் போன கோவலர்களின் வீட்டுப் பெண்களும் இல்லை. அந்த ஆண்கள் கொள்ளிக்கட்டையோடு மேட்டில் நிற்கும்போது, நீர் சூழ்ந்த குடிலில் பிள்ளைகளையும் அடுப்பையும் காப்பாற்றியவர்கள் யார் என்ற கேள்வி பாட்டுக்கு எழவில்லை.

ஆடல் மகளிரின் இடம் ஒன்று மட்டும் விதிவிலக்கு. குளிரில் யாழ் நரம்பு இளகிச் சுருதி கலைந்துவிடுகிறது. அவர்கள் யாழைத் தங்கள் மார்பின் வெம்மையில் தடவிச் சுருதி சேர்க்கிறார்கள். உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் இதில் அழகைக் கண்டிருக்கிறார்கள். தொழிலாளியாக அவளைப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஊரே குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் இரவிலும் அவளுக்கு வேலை உண்டு. கருவி வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ய அவளிடம் இருக்கும் ஒரே எரிபொருள் தன் உடம்பு. பிறருடைய கதகதப்பான மாலைக்கு ஒரு பெண் தன் உடற்சூட்டையே செலவழிக்கிறாள் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் இடம் பாட்டில் வேறில்லை. அதை மறைக்காமல் எழுதியதற்காக நக்கீரருக்கு நன்றி சொல்லலாம்.

குளிரில் கிடக்கும் அரசி

எல்லா வசதியும் கூடிய அறைக்குள் பாட்டு நம்மை அழைத்துச் செல்கிறது. வெள்ளியைப் போன்ற சுதைச் சுவர், அதில் தீட்டிய பூங்கொடி. நடுவில் 'பாண்டில்' என்ற பெருங்கட்டில். நாற்பது வயதடைந்து, போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தால் ஆனது. அதன் கால்களின் குடம் போன்ற திரட்சிக்கு உவமை, கருவுற்ற பெண்களின் பருத்த மார்பு. மெத்தையின் மேல் துணையோடு கூடிய அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கை.

போர் இங்கே அறைக்கு வெளியில் மட்டும் நடக்கவில்லை. அவள் படுத்திருக்கும் கட்டிலாகவே கிடக்கிறது. எந்தப் போர் துணையை அழைத்துக்கொண்டு போனதோ, அதே போன்ற ஒரு போரின் மிச்சத்தில் படுத்துத்தான் அவள் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றை நினைவூட்டும் கட்டில் கால்களும் கூடலை நினைவூட்டும் அன்னத்தூவியும் அவளிடம் எதிர்பார்க்கப்படுவதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கட்டிலில் அவள் அணிகளைக் களைந்து கிடக்கிறாள். பொன்வளை கிடந்த தழும்புள்ள கையில் இப்போது சங்குவளையும் காப்புநூலும் மட்டும். பூவேலைத் துகிலுக்குப் பதில் மாசு படிந்த நூலாடை. தோழியர் அடி வருடுகிறார்கள். நரை கலந்த கூந்தலுடைய செவிலியர், சிறியதும் பெரியதுமாகக் கதைகள் சொல்லி, அவர் இதோ வந்துவிடுவார் என்கிறார்கள். அவள் தேறுவதில்லை. மேல்விதானத்தில் தீட்டிய உரோகிணியையும் திங்களையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கண்ணோரத்து நீரை விரலால் தெறிக்கிறாள்.

இந்தப் பாட்டு முழுவதிலும் அரசிக்கு ஒரு வார்த்தைகூடப் பேச்சு கிடையாது. பெயரும் கிடையாது. அவளுக்காக மற்றவர்கள் பேசுகிறார்கள். துயர் தீரப் போர் விரைவில் முடியட்டும் என்ற வேண்டுதலும் மற்றவர்களுடையதே.

வீட்டுச் சுகத்தைப் பற்றிய எல்லாக் குறிப்புகளும் தோற்றுப்போகும் இடம் இந்த அறை. விளக்கு இருக்கிறது, மெத்தை இருக்கிறது, கால் பிடித்துவிட ஆள் இருக்கிறது. குளிர் போகவில்லை. எங்கே போவது, எப்போது வருவது, எதற்குச் சண்டையிடுவது என்று எதையும் தீர்மானிக்க முடியாதவளுக்கு அறையின் வெப்பத்தால் பயனில்லை. இதை நக்கீரர் மிகச் சரியாகப் பார்த்திருக்கிறார். ஆனால் அதற்குக் காரணமாகப் பிரிவை மட்டுமே பார்க்கிறார்.

ஓர் இரவின் அக்கறை

பாட்டின் கடைசிப் பகுதியில் அரசன் வருகிறான். பாசறை, நள்ளிரவு, வாடை. விளக்குச் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. அவன் தூங்காமல், சிலரோடு வெளியே வந்து புண்பட்ட வீரர்களைப் பார்க்கிறான். வேப்பந்தழை கட்டிய வேலோடு முன்னே செல்லும் படைத்தலைவன் ஒவ்வொருவராகக் காட்டுகிறான். குதிரைகள் உடம்பை உதறித் தெறிக்கும் நீர்த்துளிகள், சேறு. நழுவும் மேலாடையை இடக்கையால் பற்றி, வலக்கையை ஓர் இளைஞனின் தோளில் வைத்து, முகம் மலர்ந்து, அவர்களைத் தேற்றுகிறான்.

உயர்ந்த காட்சிதான். போரை நடத்துகிறவன் அதன் காயத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற அறம் இதில் இருக்கிறது. ஆனால் அவன் செய்வது என்ன? தூங்காமல் விழித்திருப்பது. நோயாளியின் பக்கத்தில் போய் நிற்பது. நாலு வார்த்தை ஆறுதல் சொல்வது. இதே வேலையைத்தான் அந்தப்புரத்தில் செவிலியரும் தோழியரும் செய்துகொண்டிருக்கிறார்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டவளும் விழித்துத்தான் இருந்தாள். ஆண் செய்யும் ஓர் இரவின் அக்கறை பாட்டின் உச்சமாகிறது. பெண்கள் எல்லா இரவும் செய்யும் அக்கறை பருவ வருணனையில் சேர்ந்துவிடுகிறது.

பெயரையும் கவனியுங்கள். நெடு, நல், வாடை. பிரிந்திருக்கும் அவளுக்கு இரவு நீண்டதால் நெடிய வாடை. வெற்றி பெறும் அவனுக்கு நல்ல வாடை. மரபு தரும் விளக்கம் இது. ஒரே காற்றுக்கு இரண்டு அடைமொழிகள். எது யாருக்கு என்பது முன்பே முடிவாகிவிட்டது. பாட்டு அகமா புறமா என்ற கேள்விக்கும் இதே கதைதான். பாட்டின் பெரும்பகுதி வீட்டிலும் அவள் அறையிலும் கழிகிறது. ஆனால் வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனை அடையாளம் காட்டிவிட்டதால் இது புறம் என்று நச்சினார்க்கினியர் கொண்டார். அவன் பக்கத்தில் இருந்த ஒரு தழை அவளுடைய முழு இரவையும் எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்துவிடுகிறது.

பழைய தமிழில் வேறு குரலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவரின் குறுந்தொகைப் பாட்டொன்றில் (126) மழைக்காலம் வருகிறது. பொருள் தேடிப் போனவன் திரும்பவில்லை. முல்லை அரும்புகளைப் பல்லாகக் காட்டிக் கார்காலம் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அந்தச் சிறு பாட்டில் கட்டில் இல்லை, விளக்கு இல்லை, விதானம் இல்லை. அவளும் காத்திருப்பவள்தான். ஆனால் பருவம் தனக்கு என்ன செய்கிறது என்பதை அவளே சொல்கிறாள். இளமையைப் பாராமல் போனவன் என்று அவனைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் வைக்கிறாள். நக்கீரரின் அரசிக்கு அந்த ஒரு வரிகூட வாய்க்கவில்லை.

மழை யாருக்கு வசதி?

இன்றைய மதுரையில் கூதிர் எப்படி இருக்கிறது? 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் செய்தியாயின. தண்ணீர் வடிந்த பிறகு தொடங்கும் வேலை செய்தியாவதில்லை. சேறு வாரி, தரை கழுவி, பாயையும் தலையணையையும் காயப்போட்டு, நனைந்த ரேஷன் அரிசியில் தேறியதைப் பிரித்தெடுப்பது யாருடைய கைகள் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஒழுகும் கூரைக்கடியில் அண்டாவை வைத்துவிட்டு, அது நிறையும் நேரத்தைக் கணக்கிட்டு விழித்திருப்பவள், யவன விளக்குக்கு நெய் வார்த்தவளின் வழியில் வந்தவள். எழுவாய் இல்லாத வேலை அவளிடம் கைமாறியிருக்கிறது.

வீடு என்பது ஓய்வெடுக்கும் இடம் என்று குறிப்புப் பக்கங்கள் வைத்துக்கொள்கின்றன. மதுரையில் ஏராளமான பெண்களுக்கு வீடுதான் வேலைத்தலம். அப்பளம் இடுபவர்களுக்கு வெயில் இல்லாவிட்டால் காய்ச்சல் இல்லை. காயாவிட்டால் கூலி இல்லை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களுக்கும் சாயமிட்ட துணி உலராத நாள்கள் வேலை தள்ளிப்போகும் நாள்களே. வரத்துக் குறைந்தால் பூ விலை ஏறும். கட்டுக்கூலி அதோடு ஏறுவதில்லை. நக்கீரரின் பெண்களுக்கு அந்தியைச் சொன்ன பிச்சி, இன்று கூடையில் ஈரச்சாக்குக்கடியில் கிடந்து, விற்காவிட்டால் நட்டம் என்ற கணக்கைச் சொல்கிறது.

நகரத்தைத் தாண்டினால் பெரியாறு, வைகைப் பாசனத்து வயல்கள். தண்ணீர் வந்து மழையும் பிடித்தால் நடவு. முழங்கால் சேற்றில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வீடு திரும்பும்போது வெந்நீர் போட்டு வைத்துக் காத்திருப்பவர் யாரும் இல்லை. ஈர விறகை ஊதி அடுப்பை மூட்ட வேண்டியதும் அவர்களே. ஐப்பசியோடு தீபாவளியும் வந்துவிடும். முறுக்கும் அதிரசமும் வேலைக்கூலியை விட்டுக்கொடுத்தோ தூக்கத்தை விட்டுக்கொடுத்தோ செய்யப்படும்.

கணக்கு வேண்டுமென்றால் அரசே எடுத்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரிதான். எந்த ஒரு நாளிலும் அப்படிக் கை வைத்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். ஐந்து ஆண்டு கழித்து 2024 ஆய்வில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை, அவனுக்கும் குறைந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். உதவித்தொகை என்று சொல்லாதது முக்கியம். வீட்டு வேலை வேலைதான் என்று அரசு ஆவணத்தில் ஏறிய சொல் அது. ஆயிரம் ரூபாய் அந்த வேலைக்கு ஈடாகுமா என்பது வேறு விவாதம். தொகை வந்தாலும் வேலை அவளுடையதாகவே இருக்கிறது என்பதுதான் நம் விவாதம். அவளுக்குச் சம்பளம் தருவது ஒன்று. அவனை அடுப்படிக்கு வரவைப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

இந்த வேலையைக் கண்ணுக்குத் தெரிய வைத்த ஓர் இலையுதிர்கால நாள் வரலாற்றில் இருக்கிறது. 1975 அக்டோபர் 24. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சமைக்கவில்லை, துவைக்கவில்லை, பிள்ளைகளைக் கவனிக்கவில்லை. ஆண்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். சட்டென்று சமைக்கக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. குளிர்நாட்டு வீட்டின் கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்பது ஒரே நாளில் அத்தனை பேருக்கும் தெரிந்தது.

கொடிக்கயிறு

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1988-ல் அதே பெயரில் வந்த தொகுப்பில் அது இருக்கிறது. ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்ப வீட்டில் சமையலறையின் சன்னலுக்கு வெளியே பச்சை மலை தெரியும். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கினால் உள்ளே வேலை செய்யும் பெண்களுக்கு நன்றாக இருக்கும் என்று மருமகள் யோசனை சொல்கிறாள். அதற்குப் பதிலாகத் துணி உலர்த்தக் கொடிக்கயிறு கட்டப்படுகிறது. காயும் துணிகள் மலையை மறைத்துவிடுகின்றன.

மழைக்காலக் குறிப்புகளில் முதலிடம் ஈரத்துணிக்குத்தான். அதனால் இந்தக் கொடிக்கயிறு நமக்கு நன்றாகப் புரியும். பெண் கேட்டது வேலை செய்யும் இடத்தில் கொஞ்சம் சந்தோஷம். கிடைத்தது வேலை செய்ய இன்னொரு வசதி. வீட்டை இனிமையாக்க எளிய வழிகள் என்று நமக்குத் தரப்படுபவற்றில் எத்தனை சன்னல், எத்தனை கொடிக்கயிறு என்று பிரித்துப் பார்க்கலாம்.

மழையைப் பெண்களும் விரும்புகிறார்கள். முதல் தூறலின் மண்வாசம், தெருமுனைத் தள்ளுவண்டியில் ஆவி பறக்கும் பருத்திப்பால், கார்த்திகையன்று வாசலில் வரிசையாக எரியும் அகல்கள், மழைச்சத்தம் கேட்டபடி ஒரு புத்தகம். இவை அற்பமானவை என்று சொல்லும் பெண்ணியம் எனக்கு வேண்டாம். அரசிக்குப் புரட்சி முழக்கம் மட்டும் கொடுத்துவிட்டுப் போர்வையைப் பிடுங்கிக்கொள்வதில் பயனில்லை. கேட்பது, கதகதப்பில் அதை உண்டாக்குகிறவளுக்கும் ஒரு பங்கு.

அதனால் அந்தக் குறிப்புப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டாம்; திருத்தி எழுதலாம். காபி குடிக்க நினைத்தவர் எழுந்து போய் எல்லாருக்கும் போடட்டும். நனைந்து வந்தவர், பத்து வயதுக்கு மேல் என்றால், தன் துணியைத் தானே பிழிந்து காயப்போடட்டும். கூரை ஒழுகினால் விழித்திருப்பதை முறைவைத்துக்கொள்ளட்டும். தெருவில் தண்ணீர் தேங்குவதற்கு வீட்டுக் குறிப்பு எதுவும் உதவாது. வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மாநகராட்சியில் மனுக் கொடுக்கப் போகும்போது பெண்கள் கூட்டமாகப் போகட்டும். மழை நாளில் கூலி இழக்கும் அப்பளத் தொழிலாளிக்கும் பூக்கட்டும் தொழிலாளிக்கும் மழைக்கால நிவாரணம் கேட்பதும் வீட்டைக் கதகதப்பாக்கும் வழிகளில் ஒன்றே. வாரத்தில் ஒரு மழை மாலையாவது, வீட்டில் சமைக்கிறவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்து மழையைப் பார்க்கட்டும்.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி. நெடுநல்வாடையை உரையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடப்பட்டது, அரைபட்டது, ஏற்றப்பட்டது, வார்க்கப்பட்டது என்று பொருள் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'யார்?' என்று எழுதுங்கள். பிறகு நேற்று இரவு உங்கள் வீட்டில் நடந்த வேலைகளை ஒரு தாளில் எழுதி, அங்கேயும் அதே கேள்வியைப் போடுங்கள். இரண்டு தாள்களையும் வீட்டில் உள்ள ஆண்களிடம் கொடுங்கள். இரண்டாவது தாளில் விடையை அவர்களே நிரப்பட்டும்.